எங்கள் வீட்டு மூக்கு

எங்கள் வீட்டில் என்னைவிட என் மூக்குக்குத்தான் மதிப்பு அதிகம். நேற்று வைத்த சாம்பார் இன்னொரு வேளை தாங்குமா, பிரிஞ்சாங் சந்தையில் வாங்கி வந்த மீன் புதுசா பழசா, கேஸ் எங்காவது கசிகிறதா என்று எதற்கெடுத்தாலும், "அந்த மூக்கக் கூப்பிடு" என்பார் அம்மா. நானும் பெரிய டாக்டர் மாதிரி வந்து, கண்ணை மூடி இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத் தீர்ப்பு சொல்வேன். அது தப்பியதே இல்லை. பத்து வயதில் இவ்வளவு மரியாதை கிடைத்தால் யாருக்குத்தான் தலைக்கனம் வராது? எனக்குத் தாராளமாகவே வந்தது.

கேமரன் மலையில் பிறந்த மூக்கு சும்மா இருக்கவும் முடியாது. அம்மாவுக்குத் தேயிலைத் தோட்டத்தில் வேலை. தோட்டத்தில் கொடுத்த எங்கள் லயத்து வீட்டின் சன்னலைத் திறந்தால் பேக்டரியில் இலை வாடும் வாசம் பச்சையும் இனிப்புமாக உள்ளே வரும். மழைக் காலத்தில் காயாத ஸ்வெட்டரில் பூஞ்சை வாடை. அடுத்த சரிவில் காய்கறிக்கு மருந்தடித்தால் நெடி. அடுப்பில் நெத்திலி இருந்தால் கவிச்சி. வாசம், வாடை, நெடி, கவிச்சி, வீச்சம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் இருந்தது. ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டுவிட்டால் அம்மா திருத்துவார். ஒரே ஒரு சொல்லை மட்டும் வீட்டுக்குள் யாரும் சொல்லக்கூடாது. நாத்தம் என்று வாய் தவறிச் சொன்னாலும் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு விழும்.

காரணம், அப்பாவின் லோரி. அப்பா மலைக்குக் கீழேயிருந்து கோழி எரு ஏற்றி வந்து கம்போங் ராஜாவின் காய்கறித் தோட்டங்களில் இறக்குபவர். அந்த லோரி வளைவில் ஏறி வரும்போதே சுற்றுலாக்காரர்கள் கார் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்தில் எனக்கு 'எரு லோரி' என்று பட்டப்பெயரே உண்டு. அப்படிக் கூப்பிட்ட இரண்டு பேரை நான் கடித்தும் வைத்திருக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டில் அது 'எரு வாசம்'. "நமக்குச் சோறு போடுறத அப்டிச் சொல்லலாமா?" என்பார் அம்மா, அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

ஒருநாள் தமிழ் டீச்சர், பழைய பாட்டுகளில் நாற்றம் என்றால் நல்ல மணம்தான், பிற்காலத்தில்தான் அதன் பொருள் கெட்டுப்போனது என்று சொல்லிக்கொடுத்தார். ஓடி வந்து அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! ஒரு வாரம் லோரிக்காரக் கூட்டாளிகள் எல்லோரிடமும் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆனாலும் குட்டு மட்டும் ரத்தாகவில்லை.

இந்த வீட்டுக்குத்தான் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள்.

அக்கா எஸ்பிஎம் பரீட்சையை நன்றாக எழுதியிருந்தாள். ஈப்போவில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்துக் கடிதமும் வந்துவிட்டது. அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குவாள். அந்த நேரம் பார்த்து வந்தது சம்பந்தம். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஈப்போவில் பூக்கடை. அதைக் கேட்டதும் அப்பா கிறங்கிப்போனார். மாப்பிள்ளையின் படிப்பு, குணம் எதையும் அவர் விசாரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. பூக்கடை என்ற ஒரு சொல்லே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

"எனக்குக் கல்யாணம் வேணாம்பா. நான் படிக்கப் போறேன் லா," என்று அக்கா அழுதே பார்த்தாள்.

"படிச்சிட்டு? ஆஸ்பத்திரியில மருந்து வாட புடிக்கப் போறியா? நான் புடிச்சது போதும்மா. நீயாச்சும் மல்லிப்பூ வாசத்துல இரு," என்றார் அப்பா. கோபமாகச் சொல்லியிருந்தால் அக்கா எதிர்த்துச் சண்டை போட்டிருப்பாள். அவர் கொஞ்சலாக அல்லவா சொன்னார்!

பெண் பார்க்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே லோரியைக் கம்போங் ராஜாவில் ஒரு கூட்டாளியின் வீட்டில் விட்டுவிட்டு, அப்பா பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தார். பின்கட்டில் மிளகாய்ச் செடிக்கு வைத்திருந்த எரு மூட்டையும் கடைசி லயத்துக்குப் போய்விட்டது. அன்று காலை அப்பா மூன்று முறை குளித்தார். முழுச் சவுக்காரக் கட்டியும் பாதியாகத் தேய்ந்தது. நகத்தை பிரஷ் போட்டுத் தேய்த்து, உள்ளங்கையில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"மோந்து பாரு."

மோந்து பார்த்தேன். கை, கழுத்து, காது மடல், முடி. "சவுக்காரம், எலுமிச்சை, புதுத்துணி. வேற ஒண்ணும் இல்லப்பா."

"நெசமாவா?"

"எம்மூக்கு மேல சத்தியம்!"

அப்பா என் மூக்கைப் பிடித்துக் கிள்ளி முத்தம் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. வீடு முழுக்க நான்கு சுற்று மோந்து பார்த்துவிட்டு, எல்லாம் சுத்தம் என்று அம்மாவிடமும் சொன்னேன்.

பத்து மணிக்கு வந்தார்கள். மலை வளைவுகளில் தலை சுற்றி, முகம் வெளுத்துப்போய், மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, கூட ஒரு சித்தி. தட்டு நிறைய மல்லிகையும் சம்பங்கியும். எங்கள் குளிர்ந்த வீட்டுக்குள் அந்த மணம் ஏறியதும் அப்பா சின்னப் பிள்ளைபோல மூச்சை இழுத்து இழுத்து விட்டது இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து, அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா முகம் கழுவச் சுடுதண்ணீர் வேண்டும் என்று கேத்தலோடு அறைக்குள் போனாள். எங்கள் ஊர்க் குளிரில் யாரும் அதைச் சந்தேகப்பட முடியாது. அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு துணித் திரைதான்.

அம்மா பலகாரத்தட்டை நீட்டும்போது என் மூக்கு நிமிர்ந்தது. அடுத்த நிமிடம் எல்லோர் மூக்குக்கும் எட்டிவிட்டது. எரு வாசம்! மெல்ல வந்தது, பிறகு குபுகுபுவென்று வந்து மல்லிகையை ஒரே அமுக்காக அமுக்கியது. சித்தி சேலைத் தலைப்பை மூக்கில் வைத்தார். மாப்பிள்ளை கடித்த வடையை மென்று விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் தவித்தார். மாப்பிள்ளையின் அம்மா நல்ல மனுஷிதான். வெகுநேரம் பொறுத்துவிட்டுத் தயங்கித்தான் கேட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. ஏதோ நாத்தம் அடிக்கிற மாதிரி இருக்கு."

எங்கள் வீட்டுக்குள் முதல்முறையாக வெளியாள் ஒருவர் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டார். குட்டு வைக்க யாரும் எழுந்திருக்கவில்லை. அப்பா தன் இரண்டு கைகளையும் மெல்லத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

எனக்கோ தன்மானப் பிரச்சினை. நான் சுத்தம் என்று சொன்ன வீட்டில் வாசமா? மோப்பம் பிடித்துக்கொண்டே போனேன். திரையைத் தாண்டினால், பட்டுச்சேலையில் பளபளவென்று அக்கா தரையில் குத்த வைத்து உட்கார்ந்திருக்கிறாள். முன்னால் ஒரு பழைய பால்மாவு டின். அதில் எரு. மூட்டை கடைசி லயத்துக்குப் போகும் முன்பே ஒரு டின் அள்ளி வைத்திருக்கிறாள். காய்ந்த எரு மலைக் குளிரில் பரம சாது. சுடுதண்ணீர் பட்டால் அவ்வளவுதான். இவளோ ஊற்றியதோடு விடாமல், பழைய சயன்ஸ் புத்தகத்தால் திரைப் பக்கமாக விசிறிக்கொண்டும் இருந்தாள்!

என்னைப் பார்த்ததும் விசிறுவதை நிறுத்தினாள். கண் இரண்டும் குளமாக இருந்தன. "சொல்லிறாதடி. ஒனக்குக் கோடி புண்ணியம்," என்று வாயசைத்தாள். எனக்கு அக்கா என்றால் உயிர். அவள் ஊரைவிட்டுப் போகாமல் இருக்க வேண்டும் என்பதும் அதில் சேர்த்திதான். படிக்கப் போனாலும் போகத்தான் போகிறாள் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

கூடத்துக்குத் திரும்பினேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "எங்கேருந்துடி வருது?" என்றார் அம்மா, கெஞ்சுகிற குரலில்.

"வெளியேருந்து வருதும்மா," என்றேன். என் மூக்கின் பெயரால் நான் சொன்ன முதல் பொய்.

அப்பா சட்டென்று எழுந்தார். "ஆமாமா, வெளியேருந்துதான். லோரிய வாசல்லயே போட்டுட்டேன். கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளிப் போட்டுட்டு வந்துர்றேன். நீங்க சாப்பிடுங்க, சாப்பிடுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த அப்பாவுக்கு என்ன மறதி! "ஐயோ, லோரிதான் கம்போங் ராஜாவுல இருக்கேப்பா!" என்று எல்லோருக்கும் கேட்கும்படிக் கத்தினேன்.

வாசற்படியில் அப்பா நின்றார். திரும்பி என்னைப் பார்த்தார். திட்டவில்லை. லேசாகச் சிரித்துவிட்டுத் தூறலில் இறங்கிப் போய்விட்டார். தேயிலைச் செடிகளின் ஓரத்தில், வெள்ளைச் சட்டையோடு, அவர்கள் கார் கிளம்பும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அவர் இறங்கிப் போன சற்று நேரத்திலேயே டின் ஆறி வாசமும் அடங்கியது. அப்பா வெளியே போனதும் வாசம் போய்விட்டது என்றுதானே அவர்கள் நினைத்திருப்பார்கள்? சொல்லியனுப்புகிறோம் என்று போனவர்கள் எதுவும் சொல்லியனுப்பவில்லை.

அக்கா படிக்கப் போனாள். இப்போது ஈப்போவில் பெரிய நர்ஸ். அப்பா லோரியை விற்று வெகுநாளாகிறது. இன்றும் வீட்டுக்கு யாராவது வந்தால் பிளாஸ்டிக் நாற்காலியை வாசலுக்கு வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டு, "எனக்குக் காத்து வேணும்ல," என்பார். எங்கள் ஊரில் யாருக்காவது காற்று வேண்டியிருக்குமா? அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். அந்த வாசம் தன் உடம்பிலிருந்து வந்ததாகத்தான் அவர் இத்தனை வருடமாக நம்புகிறார். அதைத் தன்னோடு வெளியே கொண்டுபோகத்தான் அன்று இல்லாத லோரியைத் தேடிப் போனார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் முடிவு செய்கிறோம். அக்காவைப் பற்றி அவர் பெருமை பேச ஆரம்பித்ததும் எங்கள் இருவருக்கும் நா எழுவதில்லை.

பெண் பார்க்க வந்த அன்று சாயங்காலம் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நனைந்த சட்டையை இன்னும் மாற்றவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"பொய் சொல்லாம சொல்லு, குட்டி. அடிக்குதா?"

நன்றாக, மூச்சு முட்ட மோந்து பார்த்தேன். காலையில் இருந்தது போலவேதான் இருந்தது. "சவுக்காரமும் எலுமிச்சையும்தான்பா. வேற ஒண்ணுமே இல்ல."

என் மூக்கை எப்போதும் நம்புகிற அப்பா, என் தலையைத் தடவிவிட்டு, "எந்தங்கம்," என்று மட்டும் சொன்னார். பிறகு பின்கட்டுக்குப் போய்ச் சவுக்காரத்தை எடுத்துக் கையைத் தேய்க்க ஆரம்பித்தார். வெகுநேரம் தேய்த்தார். சாப்பிடத்தான் கை கழுவுகிறார் என்று நினைத்து, நான் ஓடிப்போய் அவருக்குத் தட்டு எடுத்து வைத்தேன்.