என் தெலுங்கு பார்த்த வேலை

போன தை மாதம், திருத்தணியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நடந்தது இது. சர்க்கரை டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டுப் பசியோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இடுப்பைப் பிடித்தபடி ஓர் இளம்பெண். ஸ்ரீகாகுளம் பக்கமிருந்து, கே.ஜி.கண்டிகை அருகே செங்கல் சூளை வேலைக்கு வந்தவள், தமிழ் தெரியாது. கல் சுமக்கும்போது வழுக்கி விழுந்துவிட்டாளாம்.

எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நர்ஸோ தெற்கத்திப் பெண், ஊருக்குப் புதிது. தெலுங்கு தெரிந்தவர்கள் யாராவது உண்டா என்று அவள் கேட்டதுதான் தாமதம், நான் கையைத் தூக்கிவிட்டேன். திருப்பதி பஸ்ஸில் சீட்டுக்குச் சண்டை போடுகிற அளவுக்கு நமக்குத் தெலுங்கு வரும். அது போதாதா?

அவள் முழுகாமல் இருக்கிறாளா என்று கேட்கச் சொன்னாள் நர்ஸ். அதைத் தெலுங்கில் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லக் கௌரவம் விடவில்லை. முழுகுவது என்றால் குளிப்பதுதானே என்று, குளித்தாயா என்று கேட்பதாக நினைத்து, “நீள்ளு போசுகுன்னாவா?” என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, “போசுகுன்னானு” என்றாள்.

குளித்துவிட்டாளாம், வயிற்றில் ஒன்றும் இல்லை, தாராளமாகப் படம் எடுங்கள் என்று நர்ஸிடம் அடித்துச் சொன்னேன். நர்ஸ் அவளை எக்ஸ்ரே அறைக்குக் கூட்டிக்கொண்டு நடந்தாள்.

எதிர் பெஞ்சிலிருந்த, ஆந்திர எல்லையில் இருக்கும் நகரி ஊர்க்கார அம்மா ஒருவர் ஓடிப்போய் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இரும்மா. தெலுங்குல தண்ணி ஊத்திகினேன்னு சொன்னா, வயித்துல புள்ள கீதுன்னு அர்த்தம்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “நல்லா பேசுன போ தெலுங்கு” என்று சிரித்தார்.

அந்த அம்மா விசாரிக்க விசாரிக்க, அவள் அழுதுகொண்டே எல்லாம் சொன்னாள். போன வருடம் ஒரு கரு கலைந்துவிட்டதாம். அந்தப் பயத்தில் இந்த முறை யாரிடமும் மூச்சு விடவில்லையாம். விழுந்ததில் இதுவும் போய்விட்டதோ என்றுதான் ஆஸ்பத்திரிக்கே ஓடி வந்தாளாம்.

எக்ஸ்ரே நின்றது. ஸ்கேன் எடுத்தார்கள். குழந்தை நன்றாக இருக்கிறது, இதயம் துடிக்கிறது என்றார் டாக்டர். கூட வந்த நகரி அம்மாவை விட்டுவிட்டு, அவள் என் முகத்தைத்தான் பார்த்தாள். “பிட்ட பாகுந்தி”, பிள்ளை நன்றாக இருக்கிறது என்றேன். திரும்பச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு.

நகரி அம்மா எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். சர்க்கரை டெஸ்டுக்கு வந்த நான், சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீயை ருசித்துக் குடித்தேன்.

இப்போதெல்லாம் அடுத்தவருக்காகப் பேசுமுன் ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டுக்கொள்கிறேன். ஊர்விட்டு ஊர் வந்தவள் தன் பிள்ளையைப் பற்றி முதன்முதலாக வாய் திறந்தது என்னிடம்தான் என்று நினைக்கும்போது இன்றும் மனசு நிறைகிறது, கூடவே கொஞ்சம் நடுங்கவும் செய்கிறது.