ப்ரென்ட் எழுதிய பதினாலாம் பக்கம்

ப்ரென்ட் ஓலெரிச்சுக்குப் பத்து வயதானபோது அவன் அப்பா வீட்டை விட்டுப் போனார். போகிற அன்று, கொல்லையில் அரைகுறையாக நின்ற கோழிக்கூண்டைக் காட்டி, "இவன் கையில எடுத்த எதையும் முடிக்க மாட்டான்" என்று ப்ரென்ட்டின் அம்மா ஷெரிலிடம் சொன்னார். உண்மையில் அந்தக் கூண்டைப் பாதியில் விட்டவர் அவர்தான். ஆனாலும் அந்தப் பேச்சு பையனோடு ஒட்டிக்கொண்டது.

மறு வருஷம் அவன் சாரணர் படையில் சேர்ந்தான். மேற்கு அயோவாவில், சுற்றிலும் சோளக்காடும் நடுவில் ஒரு பன்றி இறைச்சி ஆலையுமாக இருந்த கிரான்டன் ஊரில், லூத்தரன் தேவாலயத்தின் நிலவறையில் திங்களும் வியாழனும் படை கூடும். பள்ளிக்கூடத்தில் ப்ரென்ட் சுமார்தான். ஆனால் பேட்ஜ் விஷயத்தில் பிடிவாதக்காரன். நீச்சல், முதலுதவி, சமையல், கூடை முடைதல் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தான். ஊதுகொம்பு பேட்ஜுக்காக ஆறு மாதம் ஊதித் தெரு நாய்களையெல்லாம் பகைத்துக்கொண்டான். முதியோர் இல்லத்துச் சலவை வேலை முடிந்து வரும் ஷெரில், ஒவ்வொரு பேட்ஜையும், அவன் தோளில் குறுக்காகப் போடும் பச்சைத் துணிப்பட்டையில் தைத்துக் கொடுப்பாள்.

பதினேழு வயது முடிய ஐந்து நாள் இருக்கும்போது பட்டையில் இருபது பேட்ஜ் இருந்தன. இருபத்தொன்று இருந்தால்தான் கழுகுச் சாரணர், படையிலேயே உச்சப் பட்டம். அதுவும் பதினெட்டு பிறப்பதற்கு முன்னால் எல்லாம் முடிந்து கையெழுத்தாகியிருக்க வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் கிடையாது. சனிக்கிழமை அவனுக்குப் பிறந்தநாள். பாக்கியிருந்தது உலகக் குடிமை பேட்ஜ். எழுத்து வேலை நிறைய என்று கடைசிவரை தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தான்.

அந்த பேட்ஜுக்குக் கையெழுத்துப் போடுபவர் டுவெய்ன் ஹாக்ஃபெல்ட். ஷெரிஃப் அலுவலகத்தில் துணை அதிகாரி. இருபது வருஷமாகப் படைக்கு உதவுகிறவர். "புஸ்தகத்தப் பாத்து காப்பியடிச்சுட்டு வராத. பாஸ்போர்ட்னா என்ன, விசான்னா என்னன்னு எனக்கும் தெரியும். வேற நாட்டுலேந்து வந்த ஒரு மனுஷன்கிட்டப் பேசி, அவன் எப்படி வந்தான், எப்படி வாழறான்னு எழுதிட்டு வா" என்று சொல்லியிருந்தார்.

ப்ரென்ட்டுக்கு அதற்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. உலோகப் பட்டறை வகுப்பில் பக்கத்து மேஜை எஃப்ராயின். குவாத்தமாலாக்காரன். அவன் அப்பாவும் அம்மாவும் இறைச்சி ஆலையில் எலும்பு நீக்கும் பிரிவில் வேலை பார்த்தார்கள். மூன்று மதிய இடைவேளைகளில் எஃப்ராயின் கதை முழுவதையும் சொன்னான். ஆறு நாள் நடந்தது, சரக்கு ரயிலில் தங்கையை இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்தது, டெக்சஸில் செத்துப்போன எவனோ ஒருத்தன் பெயரில் அப்பா வேலை பார்ப்பது, எல்லாம். ப்ரென்ட் அன்றன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து நோட்டில் எழுதினான். பெயர், அவர்கள் குடியிருந்த, சக்கரம் வைத்த இழுவண்டி வீட்டின் எண், ஒமஹா நகரத்தில் இருக்கும் சித்தியின் முகவரி, ஒன்று விடவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக நன்றாக எழுதியிருக்கிறோம் என்று அவனுக்கே பட்டது. பேட்ஜுக்கான மற்ற பதில்களோடு சேர்த்துப் பதினெட்டுப் பக்கம். திங்கட்கிழமை டுவெய்னிடம் கொடுத்தான். "படிச்சு வைக்கறேன். வியாழக்கிழமை வா, உக்காந்து பேசி முடிச்சுடலாம்" என்றார் அவர்.

செவ்வாய்க்கிழமை மதியம் உணவுக்கூடத்தில் எஃப்ராயினிடம் பெருமையாகச் சொன்னான்.

"நீ இல்லாட்டி இந்த பேட்ஜே இல்லடா. உன் கதை மட்டுமே அஞ்சு பக்கம்."

எஃப்ராயின் கையிலிருந்த பீட்சாத் துண்டைத் தட்டில் வைத்தான். "கதைய எழுதினியா? நீ சும்மா கேக்கறேன்னுதான நெனச்சேன்."

"பேட்ஜுக்குன்னு சொன்னேனே."

"எங்க அப்பா பேர எழுதினியா?"

"ரெண்டு பேரையும். சொந்தப் பேர், வேலை பாக்கற பேர். பதினாலாம் பக்கம்."

"யார்கிட்டக் குடுத்த?"

"டுவெய்ன் சார்கிட்ட."

"இடுப்புல துப்பாக்கி வச்சிருப்பாரே, அந்த டுவெய்ன் சாரா?"

அப்போதுதான் ப்ரென்ட்டுக்கு உறைத்தது. அவரை அவன் ஒரு நாளும் போலீஸாக நினைத்ததில்லை. முகாமில் கருகின அப்பத்தைக் கேலி பண்ணிக்கொண்டே தின்கிறவர், அவ்வளவுதான்.

"அவர் அப்படிப்பட்டவர் இல்லடா."

"உனக்கு இல்ல" என்றான் எஃப்ராயின். தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனான். அதன்பிறகு வகுப்புக்கு வரவில்லை.

ப்ரென்ட் பள்ளியிலிருந்து நழுவி நேராக டுவெய்ன் வீட்டுக்கு வண்டியை ஓட்டினான். அவர் மனைவி ஆர்டித் கதவைத் திறந்தார்.

"டுவெய்ன் வேலைக்குப் போயிட்டாரே, கண்ணு. உள்ள வா, பிஸ்கட் இப்பத்தான் அடுப்புலேந்து எடுத்தேன்."

சமையலறை மேஜையில் நோட்டு கிடந்தது. மேலே அவருடைய கண்ணாடி. ஆர்டித் தட்டு எடுக்க அந்தப்பக்கம் திரும்பியதும் கண்ணாடியை நகர்த்தி வைத்தான், நோட்டைச் சட்டைக்குள் செருகினான். இரண்டு பிஸ்கட்டையும் வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தான். பிறந்ததிலிருந்து அவன் திருடியது அது ஒன்றுதான்.

இழுவண்டி வீடுகள் இருந்த இடத்துக்குப் போனபோது மணி நான்குகூட ஆகவில்லை. பத்தொன்பதாம் எண் வீட்டின் கதவு திறந்து கிடந்தது. அடுப்பின்மேல் கறுப்பு அவரைக் குழம்பு, இன்னும் சூடாக. கட்டிலில் மெத்தை இல்லை. அடுத்த வீட்டுக்காரி துணி காயப்போட்டுக்கொண்டே, "போயிட்டாங்க" என்றாள். எங்கே என்று கேட்டதற்கு முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து கொல்லையில் குப்பை எரிக்கிற பீப்பாயில் நோட்டைப் போட்டுக் கொளுத்தினான். ஒரு பக்கத்தைக் கிழித்தால் போதும் என்பது அப்போது தோன்றவில்லை.

வியாழக்கிழமை நிலவறையில் டுவெய்ன் முன்னால் உட்கார்ந்தான். அந்தப்பக்க மூலையில் சின்னப் பையன்கள் முடிச்சுப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

"நோட்டு எங்க?" என்றார் டுவெய்ன்.

"எரிச்சுட்டேன்."

"எங்க வீட்டு மேஜைலேந்து எடுத்து."

"ஆமா, சார்."

"ஆர்டித் அழுதா, தெரியுமா? கேட்டிருந்தா அவளே எடுத்துக் குடுத்திருப்பா." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "திங்கட்கிழமையே முழுசாப் படிச்சேன்டா. பதினாலாம் பக்கத்தக் கிழிச்சுட்டுக் குடுன்னு இன்னைக்கு உன்கிட்டச் சொல்லறதா இருந்தேன். குடியேற்றம் பாக்கறது என் வேலை இல்ல. அந்த ஆலைல பாதிப் பேர் எப்படி வந்தாங்கன்னு உன் நோட்டைப் படிச்சுத்தான் எனக்குத் தெரியணுமா?"

அவரே தொடர்ந்து கேட்டார்.

"அந்தக் குடும்பம் எங்க?"

"ஓடிட்டாங்க. நான் சொன்னதால."

டுவெய்ன் கையெழுத்துத் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். பிறகு, "கேள்வி பதில இப்பவே வாயால முடிச்சுடலாம். ஆனா வேற நாட்டு ஆளோட பேசினது கையில இல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன். உங்க பள்ளிக்கூடத்துல அந்த டென்மார்க் பொண்ணு இருக்காளே, அவளோட பேசி ரெண்டு பக்கம் எழுதிட்டு வா. நாளைக்கு ராத்திரி ஒன்பது வரைக்கும் இங்கயே இருப்பேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ப்ரென்ட் சீருடையைப் போட்டுக்கொண்டான். டென்மார்க் பெண்ணிடம் பேசுவதற்கு அரைமணி நேரம் போதும், மாலையில் வந்து பேசலாம் என்று கணக்குப் போட்டான். அதற்கு முன்னால் எஃப்ராயினைக் கண்டுபிடித்து, பயப்பட ஒன்றுமில்லை, திரும்பி வாருங்கள் என்று சொல்லிவிட வேண்டும். ஒமஹாவில் சித்தி வீட்டுக்குத்தான் போயிருப்பார்கள், இரண்டு மணி நேரப் பயணம். சித்தியின் முகவரியை அவன் கையால் எழுதியிருந்தான். எழுதியதை எரித்துவிட்டான். இருபத்துநாலாம் தெரு, பக்கத்தில் ரொட்டிக்கடை, பச்சைக் கதவு. நினைவில் நின்றது அவ்வளவுதான்.

தெற்கு ஒமஹாவில் அந்தத் தெருவில் ரொட்டிக்கடைக்குப் பஞ்சமில்லை. ப்ரென்ட் ஒவ்வொரு கதவாகத் தட்டினான். காக்கிச் சட்டை, தோளில் கொடி, மார்பில் பெயர்ப்பட்டை, வெள்ளைக்காரப் பையன், ஆள் பெயர் சொல்லி விசாரிக்கிறான். திறந்த கதவுகள் சட்டென்று மூடின. ஒரு கிழவர் ஜன்னல் வழியாக, "இங்க எல்லாருக்கும் பேப்பர் இருக்கு, போ!" என்று கத்தினார். தன்னைக் குடியேற்றத்துறை ஆள் என்று நினைக்கிறார்கள் என்பது அதற்கப்புறம்தான் புரிந்தது. சட்டையைக் கழற்றி வண்டியில் எறிந்துவிட்டு, மார்ச் மாதக் குளிரில் பனியனோடு நடந்தான்.

நாலரை மணிக்குப் பச்சைக் கதவு அகப்பட்டது. சங்கிலியைக் கழற்றாமல் ஒரு பெண் இரண்டங்குலம் திறந்தாள். அவள் காலுக்குப் பின்னால், தரையில், ஊதா நிறத்தில் ஒரு சின்னப் பனிக்காலணி. எஃப்ராயினின் தங்கை காலில் அவன் எத்தனையோ தடவை பார்த்தது.

"எஃப்ராயின் இருக்கானா? நான் ப்ரென்ட். அவன்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லணும்."

"அப்படி யாரும் இல்ல."

"டுவெய்ன் சார் யார்கிட்டயும் சொல்லலங்க. சொல்லவும் மாட்டார். நோட்ட எரிச்சுட்டேன். தயவு செஞ்சு அவன்கிட்டச் சொல்லுங்க. டேய், எஃப்ராயின்! நான்தான்டா!"

"கத்தாத" என்றாள் அவள். "உனக்குப் புண்ணியமாப் போகட்டும், கத்தாத. தெருவே பாக்குது."

கதவு சாத்திக்கொண்டது. ஒரு காகிதத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளினான். கொஞ்ச நேரத்தில் அது அப்படியே வெளியே தள்ளப்பட்டது. மறுபடி தள்ளினான். மறுபடி வந்தது. மூன்றாம் முறை உள்ளேயே நின்றுவிட்டது. படித்தார்களா, கிழித்தார்களா, தெரியவில்லை.

அப்போது கிளம்பியிருந்தால்கூட ஆறரைக்கு கிரான்டன் சேர்ந்திருக்கலாம். டென்மார்க் பெண்ணைப் பார்த்திருக்கலாம், ஒன்பதுக்குள் கையெழுத்து வாங்கியிருக்கலாம். அவனுக்கு அது தெரியாமலில்லை. ஐந்து அடித்தது, ஐந்தரை ஆனது. ஒரு நிமிஷம் பொறுத்தால் கதவு திறக்கும், இன்னும் ஒரு நிமிஷம், என்று படியிலேயே உட்கார்ந்திருந்தான். உள்ளே தட்டுக் கழுவும் சத்தமும் ஒரு குழந்தையை யாரோ அதட்டி அடக்குவதும் கேட்டன. தன்னால்தான் அவர்கள் விளக்குப் போடாமல் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று உறைத்தபோது மணி ஏழரை. எழுந்தான். ஊர் வந்து சேர்ந்தபோது தேவாலயத்து வாசலில் வண்டி எதுவும் இல்லை.

சனிக்கிழமை ஷெரில் கேக் செய்திருந்தாள். இருபத்தொன்றாவது பேட்ஜுக்காகப் பட்டையில் விட்டிருந்த இடத்தைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை. அவனாகத்தான் சொன்னான். "அப்பா சொன்னது சரிதாம்மா."

"உங்கப்பா சொன்னது என்னைக்கு சரியா இருந்துது?" என்று சொல்லிவிட்டு அவள் அழுதாள். கேக்கை இரண்டு பேரும் தொடவில்லை.

அவன் ஆர்டித்திடம் போய் மன்னிப்புக் கேட்டான். அவர் மன்னித்தார். ஒரு மாதம் கழித்து ஒமஹா போனபோது அந்த வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். முன்னால் இருந்தவர்களைத் தெரியாது என்றார்கள். எஃப்ராயின் குடும்பம் இப்போது எந்தப் பெயரில் இருக்கிறது என்பதே தெரியாதபோது, எந்தப் பெயரைச் சொல்லித் தேடுவது?

பள்ளி முடித்து ப்ரென்ட் மாவட்டச் சாலைத்துறையில் சேர்ந்தான். குளிர்காலத்தில் பனி தள்ளும் வண்டி, கோடையில் தார். பதினேழு வருஷமாக அதே வேலைதான். கல்யாணம் ஆகி இரண்டு பெண்கள். ஊரில் யாராவது பையன் கழுகுச் சாரணர் ஆனால் விழாவுக்குப் போவான், கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டிவிட்டு, காப்பிக்கு நிற்காமல் வந்துவிடுவான்.

டுவெய்ன் அந்த விஷயத்தைத் திரும்ப எடுத்தது ஒரே ஒரு தடவை. ஓய்வுபெற்ற பிறகு, பெட்ரோல் பங்கில் பக்கத்துப் பக்கத்தில் நின்றபோது கேட்டார். "அந்தப் பையன்கிட்டேந்து எப்பவாவது தகவல் வந்தா எனக்கும் சொல்லுவியா? நல்லா இருக்கானான்னு தெரிஞ்சுக்கத்தான்."

"சொல்ல மாட்டேன், சார்" என்றான் ப்ரென்ட்.

டுவெய்ன் தலையாட்டினார். "சரி" என்றார்.

சொல்வதற்கு எதுவும் வந்திருக்கவில்லை. அதையும் அவன் அவரிடம் சொல்லவில்லை.