கூரைப் பாலத்துத் தேங்காய்

மொன்றியல் துறைமுகக் கிடங்கில் வேலை செய்யும் மகேந்திரராசா கிழமை நாட்களில் அதிகம் பேசமாட்டார். சேர்த்துவைத்ததையெல்லாம் சனிக்கிழமை பேசித் தீர்ப்பார். அன்று கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஆட்களைத் தன் வான் வண்டியில் ஏற்றி, ஆற்றைக் கடந்து, அமெரிக்க எல்லையோரக் கிராமங்களுக்கு ஆப்பிள் பறிக்கக் கூட்டிப்போவார்.

ஆப்பிள் ஒரு சாட்டுத்தான். வழியில் வட்டமாகக் கட்டிய பழைய மாட்டுக்கொட்டில் வந்ததும் அவருடைய வரலாறு தொடங்கிவிடும். பனி ஒரு பக்கமாகக் குவியாமல் இருக்கத்தான் வட்டம் என்பார். அடுத்த கிழமை, மூலை இடத்துக்கு மாடுகள் சண்டை பிடிக்காமல் இருக்க என்பார்.

"போன கிழமை வேற மாதிரியெல்லே சொன்னீங்கள்?" என்பார் முன் இருக்கையிலிருந்து மனைவி யோகராணி.

"ஆராய்ச்சி நடக்குதப்பா."

அவர் காட்டும் இடங்களுக்கெல்லாம் மணிமுடி, மரக்கூரை போட்ட பழைய பாலம். வான் வாங்கிய அன்று கோயில் வாசலில் நிறுத்த இடம் கிடைக்கவில்லை. கூரையும் தூணும் இருக்கிறதே என்று இந்தப் பாலத்துக்கு வந்து, சில்லுக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்தார். அதைப் பயணிகளிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தார். பழைய கார் வாங்கும் சென்னை மாணவர்களெல்லாம் அங்கேயே போய் உடைக்கத் தொடங்கினார்கள்.

வாகனங்களுக்குப் பாலத்தை மூடப்போகிறார்கள் என்று இளவேனிலில் பேச்சு வந்தபோது மகேந்திரராசாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பாலம் போனால் அவர் வெறும் பழம் பறிக்கும் ஆள்.

ஒரு சனிக்கிழமை, ஊர் வரலாற்றுச் சங்கத்து மதாம் திபோ என்ற பெண்மணி கையில் தேங்காய்ச் சிரட்டையோடு வானை மறித்தார். இது யார் வேலை என்று பிரெஞ்சில் கேட்டார். கல்லுக்குக் கல் கதை வைத்திருந்த மகேந்திரராசா, இந்தப் பக்கத்து அணில்களுக்குப் பல் உறுதி என்று சொல்லிவைத்தார்.

"அந்த மனுசியிட்ட அணில் கதையே விடுறீங்கள்?" என்ற யோகராணி, தான் வேலை செய்யும் கார்தெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகளோடு பேசிப் பழகிய பிரெஞ்சில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார்: தொடக்கிவைத்தது இவர்தான், வண்டி பத்திரமாக ஓடுவதற்காக.

மதாம் துருப்பிடித்த வானைச் சுற்றிப் பார்த்தார். இன்னும் ஓடுகிறதே என்று வியந்தார். பாலத்துக்கு ஒருவரும் வருவதில்லை என்பதுதான் ஊராட்சி சொன்ன காரணமாம். தேங்காயோடு வருகிறவர்களும் ஆட்கள்தானே? சங்கம் வாதாடியது, பாலம் தப்பியது. சிரட்டைகளை மகேந்திரராசா கூட்டி அள்ள வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

இலையுதிர்காலத்தில் பாலத்தடியில் அறிவிப்புப் பலகையும் வந்தது. புதிதாக வந்திருந்த மாணவன் நிதினை மகேந்திரராசா வாசிக்கச் சொன்னார். மொன்றியல் தமிழர்கள் புது வாகனத்துக்கு இங்கே தேங்காய் உடைப்பது வழக்கம், ஒரு வான்காரர் தொடக்கியது என்று அவன் வாசித்தான்.

"இதெல்லாம் டூரிஸ்டுக்காக சும்மா கிளப்பி விடறது அங்கிள். மாட்டுக்கொட்டாய் மேட்டர் ஓகே, இத யாரு நம்புவா?"

மகேந்திரராசா மனைவியைப் பார்த்தார்.

"அணிலெண்டே விட்டிருக்கலாம்," என்றார் யோகராணி.

மகேந்திரராசா தும்புத்தடியை எடுத்துக்கொண்டு சிரட்டைகளைக் கூட்டப் போனார்.