திரை கட்டாத நேரம்

ஒரு ஆளை ஏதாவது ஒரு கட்டத்துக்குள் அடைத்தால்தான் முதலாளியம்மா ஹருயோவுக்குத் தூக்கம் வரும். வட ஜப்பானில், எங்கள் அகிதா மலை விடுதியில் படுக்கை விரித்து, வெந்நீர்க் குளங்களைத் தேய்த்துக் கழுவும் மிசாவோ அதற்கு மசிகிற ஆள் இல்லை. ஒரு நாள் ஆணாக வேலைக்கு வருவார், ஒரு நாள் பெண்ணாக. சில நாள் இரண்டும் கலந்திருக்கும், சில நாள் இரண்டுமே இருக்காது. சமையல்கட்டில் கிடக்கும் எனக்கு இதில் ஒரு சங்கடமும் இல்லை. வேலையில் புலி, வேறென்ன வேண்டும்?

முதலாளியம்மா கெட்டவர் இல்லை. தனக்குத் தெரிந்த மட்டும் யோசித்து, வாரத்தில் நாலு நாள் ஆண், மூணு நாள் பெண் என்று முறை வைத்துக்கொள்ளச் சொன்னார். மிசாவோ விழுந்து விழுந்து சிரித்தார்.

“பசி என்ன கிழமை பாத்தாம்மா வருது?”

சிக்கல் குளியலில்தான். மதியம் விருந்தாளிகள் வருவதற்கு முன்பு வேலைக்காரர்கள் குளிப்போம், பெண்கள் ஒரு குளத்தில், ஆண்கள் இன்னொன்றில். எந்தப் பக்கம் போனாலும் பாதி ஆளை வெளியே விட்டுவிட்டுப் போவதுபோல இருக்கிறது என்பார் மிசாவோ. குளத்தைக் கழுவுகிறவர் அதில் கால்கூட நனைத்ததில்லை. குளிரில் வெடித்த அவர் விரல்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

மார்கழியில் பகல் மிகக் குறுகிய நாள் வந்தது. அன்று யூஸு எலுமிச்சை மிதக்கும் வெந்நீரில் முங்கினால் குளிர்காலம் முழுக்கச் சளி அண்டாது என்பது எங்கள் நம்பிக்கை. காலையில் கூடை கூடையாகப் பழம் கொட்டிவிட்டு வெளியே வந்த மிசாவோ, கையை மோந்துகொண்டே நின்றார்.

“ஒரே ஒரு தடவ இதுல இறங்கிப் பாத்துடணும்க்கா.”

எனக்குப் பொறுக்கவில்லை. இரவு தங்குகிறவர்கள் இரண்டையும் அனுபவிக்கட்டும் என்று, தினமும் காலையில் ஆண், பெண் என்று எழுதிய வாசல் திரைகளைக் கழற்றி இடம் மாற்றிக் கட்டுவோம். கழற்றி வைத்திருந்த இரண்டையும் வாரி அக்குளில் இடுக்கிக்கொண்டேன்.

“இத நான் கட்டுற வரைக்கும் ஆம்பளைக் குளமும் இல்ல, பொம்பளைக் குளமும் இல்ல. வெறும் வெந்நீர். போ, இறங்கு.”

தயங்கிய ஆளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன். தோளில் துண்டோடு விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். இன்னும் கழுவி முடியவில்லை என்று வாய் கூசாமல் புளுகினேன். அவர்கள் பின்னாலேயே முதலாளியம்மா வந்தார். இந்த வேலை போனால் மிசாவோவுக்கு வேறு போக்கிடம் இல்லை.

உள்ளே தண்ணீர் தளும்பியது. பிறகு பாட்டு, சுருதி சேராத பாட்டு. முதலாளியம்மாவுக்குக் குரல் தெரிந்துவிட்டது. நான் அவர் காதோடு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

“இத்தன வருஷத்துல ஒரு தடவகூடவா இறங்கினதில்ல?”

இல்லை என்றேன். அவர் விருந்தாளிகளிடம் குனிந்து மன்னிப்புக் கேட்டார். இனி தினமும் திரை கட்ட அரை மணி நேரம் தாமதமாகும், அதுவரை டீ சாப்பிடலாம் என்று அவர்களை அனுப்பிவிட்டு, கதவை மெல்லத் தட்டினார்.

“அவசரமில்ல மிசாவோ. நல்லா ஊறிட்டு வா.”

பாட்டு நின்றது. உள்ளே மிசாவோ அழுவது கேட்டது. நானும் அழுதேன்.