நீளக்கால் மோட்டார்

துறைமுகத்தில் அவளைச் 'சாண்' என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் சின்னவர்கள் மட்டும் மரியாதைக்கு 'சாண் அக்கா' என்பார்கள். தையல்காரர் மகள். கல்யாணமாகிக் கடற்கரைக்கு வந்தபோது துணிமணிகளோடு ஒரு இஞ்ச் டேப்பும் பெட்டிக்குள் ஏறி வந்துவிட்டது. எதைப் பார்த்தாலும் அளக்க வேண்டும் அவளுக்கு. டேப் கையில் இல்லையென்றால் விரல்களை விரித்துச் சாண் போட்டுவிடுவாள். ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரர் புதுக் கட்டில் வாங்கி வந்தபோது, தெருவிலேயே நிறுத்தி அளந்து பார்த்து, "இது உள்ள போகாது" என்றாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கட்டில் கதவுச் சட்டத்தைப் பெயர்த்துக்கொண்டுதான் உள்ளே போனது.

பதினெட்டு வருஷமாக அவளும் கணவரும் ஒரே படகில் மீன் பிடிக்கப் போகிறார்கள். முதல் ஆறு மாதம் அவள் சாப்பிட்டதெல்லாம் கடலுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. குடல் வெளியே வந்துவிடும் போலிருக்கும். 'நாளைக்கு வர மாட்டேன்' என்று தினமும் சொல்வாள், மறுநாள் கணவருக்கு முன்னால் படகில் ஏறி உட்கார்ந்திருப்பாள். அப்படியே பழகிப்போனது. அவர் பின்னால் உட்கார்ந்து மோட்டாரைப் பார்ப்பார், அவள் முன்னால் நின்று வலையைப் பார்ப்பாள். யார் எங்கே என்று ஒரு நாளும் பேசி முடிவெடுத்ததில்லை.

போன மழைக்காலத்தில் அவர் இறங்குதுறைப் படியில் வழுக்கி விழுந்தார். வலது தோளில் தகடு வைத்துத் தைத்தார்கள். ஆறு மாதம் கழித்து டாக்டர் தெளிவாகச் சொன்னார்.

"மெதுவா இழுக்கலாம், ஒண்ணும் ஆகாது. வெடுக்குனு இழுக்கிற வேலை மட்டும் இனிமே கிடையாது. தகடு விலகிடுச்சுன்னா கை அவ்வளவுதான்."

வலை இழுப்பது மெதுவான வேலை. மோட்டார் கயிற்றை வெடுக்கென்று இழுத்தால்தான் அது உயிர் பிடிக்கும். வெளியே வந்து ஆஸ்பத்திரி வாசலிலேயே அவள் கணக்குப் போட்டுவிட்டாள்.

"இனிமே நீங்க முன்னாடி, நான் பின்னாடி. அவ்வளவுதானே?"

கணவர் தலையை மட்டும் ஆட்டினார். அவர் வாயிலிருந்து ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை வந்தாலே அதிகம். அன்றைய பங்கை டாக்டரிடமே செலவழித்திருந்தார்.

பழைய மோட்டார் ஏற்கெனவே இழுத்துக்கோ பறிச்சுக்கோ என்றுதான் இருந்தது. ஆறு மாதம் சும்மா கிடந்ததில் ஒரேயடியாகக் கண்ணை மூடிவிட்டது. புதிதாக வாங்கியே ஆக வேண்டும். மோட்டார் வாங்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் வாய் முளைத்துவிட்டது. நாற்பது ஹெச்.பி. போடு என்றார் ஒருவர். அவர் வைத்திருந்ததோ துடுப்புப் படகு.

எல்லாரையும் விட அதிகம் பேசியவன் கொழுந்தன். அவனுக்கு 'அவசரம்' என்று பெயர். கெட்டவன் இல்லை, அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பத்து நாள் தரையில் படுத்தவன். ஆனால் சொந்தப் படகில்லாமல் அடுத்தவர் படகில் போய்வரும் அவனுக்கு அண்ணன் படகின் மேல் ஒரு கண்.

"அண்ணி, மனசுல வச்சுக்காதீங்க. வலை இழுக்கிறது வேற, மோட்டார் புடிக்கிறது வேற. படகை எங்கிட்ட விடுங்க. அண்ணன் கரையில இருக்கட்டும், நீங்க வீட்டைப் பாருங்க. பங்கு ஒழுங்கா வந்துடும்."

"வீட்டைப் பாக்குறதுக்கு என்ன இருக்கு தம்பி? அது எங்கயும் ஓடிப் போகாது" என்றாள் சாண்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். உள்ளே கொதித்தது. பதினெட்டு வருஷம் நின்ற இடத்தைவிட்டு இறங்கி, கரையில் நின்று படகு வருகிறதா என்று பார்க்க வேண்டுமா? அதற்கு அவள் முதல் ஆறு மாதத்திலேயே ஓடிப்போயிருப்பாளே.

கடைக்குப் போனார்கள். விற்பனையாள் கணவரின் முகத்தைப் பார்த்தே பேசினான். அவள் கேட்ட கேள்விக்கும் பதில் கணவருக்குப் போனது. அவர் பதில் பேசுகிற ஆளா? பாவம், அவன் சுவரோடு பேசினான். ஓட்டப்போவது யார் என்று கடைசியில் புரிந்ததும் மூலையில் இருந்த ஒரு சின்ன மோட்டாரைத் தட்டிக்கொடுத்தான்.

"லேடீஸுக்குன்னா இதுதாங்க. எட்டு ஹெச்.பி. குட்டைக்கால், தண்ணிக்குள்ள இறங்குற ப்ரொபெல்லர் தண்டு குட்டை, இருபத்தேழு கிலோதான். கயிறு பஞ்சு மாதிரி வரும். இல்லாட்டி பட்டன் ஸ்டார்ட் இருக்கு, பேட்டரியோட."

"நடுக்கடல்ல பேட்டரி செத்துப்போச்சுன்னா பட்டனை அமுக்கிக்கிட்டே வீட்டுக்கு வர முடியுமா?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. சின்ன மோட்டாரின் கயிற்றை இழுத்துப் பார்த்தாள். சுலபமாக வந்தது. கணவருக்கும் அதுதான் பிடித்திருந்தது என்பது அவர் மூச்சு விட்டதிலேயே தெரிந்தது. ஆனால் போட்டுப் பார்க்காமல் ரவிக்கைகூட வாங்காதவள், மோட்டாரையா வாங்குவாள்? துறைமுகத்து மெக்கானிக் பட்டறையில் அதே மாதிரி மோட்டார் ஒன்று இருந்தது. ஒரு காலைக்கு வாடகைக்குக் கேட்டாள்.

முதல் நாள் சாயங்காலமே அளவு எடுத்து வைத்திருந்தாள். படகு தண்ணீரில் நிற்க, மோட்டார் மாட்டுகிற பின்பலகையின் உச்சியிலிருந்து தண்ணீர் மட்டம் வரை டேப்பைப் பிடித்தாள். "அசையாம உக்காருங்க" என்று கணவரைப் படகில் உட்கார வைத்துத்தான் அளந்தாள், ஆள் கனத்தோடு அளப்பதே சரி என்று. குட்டைக்காலுக்கு அச்சாகப் பொருந்தியது. மெக்கானிக்கிடம் அந்தத் தாளைப் பெருமையாகக் காட்டினாள்.

மறுநாள் காலை துறைமுக வாய் வரை ஒழுங்காகப் போனார்கள். அங்கே முதல் அலை படகைத் தூக்கியதும் மோட்டார் வீலென்று அலறியது. சத்தம்தான் வந்தது, படகு நகரவில்லை. ப்ரொபெல்லர் தண்ணீருக்குப் பதில் காற்றைக் குடித்தது. அலை இறங்கினால் கொஞ்சம் பிடிக்கும், ஏறினால் மறுபடி அலறும். நீரோட்டம் அவர்களைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போனது. கடைசியில் மோட்டாரை அணைத்துவிட்டுத் துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தார்கள். இறங்குதுறையில் கூட்டம். கொழுந்தன் முன்வரிசையில் நின்றான்.

"நான் சொன்னேன்ல" என்றான். அதைச் சொல்லாமல் அவனால் இருக்க முடியாது.

வெட்கம் பிடுங்கித் தின்றது. யார் முகத்தையும் பார்க்காமல் படகிலேயே உட்கார்ந்திருந்தாள். கணவர் முன்பக்கம் உட்கார்ந்திருந்தார். படகின் மூக்கு கீழே போய், வால் மேலே தூக்கி நின்றது. பின்பலகையில் எப்போதும் ஈரமாக, பாசி பிடித்துக் கிடக்கும் பட்டை, நாலு விரல் அகலத்துக்கு வெயிலில் தெரிந்தது.

அவளுக்குப் பளிச்சென்று உறைத்தது. அளந்தபோது 'உக்காருங்க' என்றதும் அவர் போய் உட்கார்ந்த இடம் பின்பக்கம். பதினெட்டு வருஷப் பழக்கம், கால் தானாக அங்கே போயிருக்கிறது. அவளுக்கும் அது வித்தியாசமாகப் படவேயில்லை. அவர் எண்பத்து நாலு கிலோ. அவள் ஐம்பது. இடம் மாறியதும் கனம் முன்னால் போய்விட்டது, வால் தூக்கிக்கொண்டது. ஊரையே அளந்தவள் தன் படகைத் தப்பாக அளந்திருக்கிறாள்.

"என் தப்புங்க. நீங்க பின்னாடி இருக்கும்போது அளந்துட்டேன். இந்தப் படகுக்கு இப்போ நீளக்கால் வேணும். மோட்டாரும் கனமா இருக்கணும், அப்பதான் வாலை அமுக்கிப் பிடிக்கும்."

கணவர் பின்பலகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அந்தக் கனத்துக்குன்னா பதினஞ்சு ஹெச்.பி. வரும். கயிறு மாடு மாதிரி இழுக்கும். உன்னால ஆகுமா?"

"ஆகணும்" என்றாள்.

அன்று சாயங்காலம் கொழுந்தன் வீட்டுக்கு வந்தான். பேச்சு நீண்டது. கடைசியில் கணவர் வாயைத் திறந்து ஒரு முடிவு சொன்னார். மோட்டார் அவள் இஷ்டப்படி. ஆனால் முதல் நாள் அவள் அந்த மோட்டாரை ஓட்டிப் போய், யார் உதவியும் இல்லாமல் ஓட்டித் திரும்பி வர வேண்டும். முடியாவிட்டால் படகு தம்பி கைக்குப் போகும். அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. இருந்தும் வாயை மூடிக்கொண்டாள். பேசி ஜெயிக்கிற விஷயமில்லை இது.

மெக்கானிக் பட்டறையில் ஓடாத பதினைந்து ஹெச்.பி. ஒன்று மரச்சட்டத்தில் மாட்டியிருந்தது. மறுநாளிலிருந்து அவள் அங்கே போனாள். தரையில் சாக்பீஸால் தன் படகின் பின்பகுதியை அளவு பிசகாமல் வரைந்தாள். மீன் பெட்டி வருகிற இடத்தில் நிஜப் பெட்டியையே வைத்தாள், முழங்கை எங்கே இடிக்கும் என்று தெரிய வேண்டுமே. முதல் நாள் கயிறு பாதியில் நின்று அவளையே திருப்பி இழுத்தது. இரண்டாம் நாள் உள்ளங்கை தோலுரிந்தது. மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏம்மா, உனக்கு வேற வேலையே இல்லையா?"

"இதுதாண்ணே வேலை."

நாலாம் நாள்தான் பிடிபட்டது. கையால் இழுத்தால் வராது. வலையைக் கையாலா இழுக்கிறாள்? இடுப்பாலும் காலாலும்தானே. ஒரு காலைச் சட்டத்தில் ஊன்றி, கயிற்றை மெதுவாக இழுத்தாள். உள்ளே தடுக்கிற இடம் வந்தது. அங்கே ஒரு நொடி நின்று, உடம்பு மொத்தத்தையும் பின்னால் எறிந்தாள். கயிறு சரசரவென்று முழு நீளத்துக்கும் வந்தது. பதினோரு நாள், தினம் ஐம்பது இழுப்பு. பன்னிரண்டாம் நாள் கடைக்குப் போய், விற்பனையாள் வாயைத் திறப்பதற்குள், "நீளக்கால், பதினஞ்சு, கயிறு ஸ்டார்ட்" என்றாள்.

புது மோட்டார் ஏறியதும் படகின் வால் தண்ணீரில் சமமாக உட்கார்ந்தது. அவள் பின்னால், அவர் முன்னால். இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. இறங்குதுறையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, துறைமுக வாயை ஒரே சீராகத் தாண்டினார்கள். மோட்டார் ஒரு தடவைகூட அலறவில்லை. அவளுக்குப் பாட வேண்டும் போலிருந்தது. பாடினால் மீன் ஓடிவிடும் என்று சும்மா இருந்தாள்.

வலை போட்டார்கள், இழுத்தார்கள். கணவர் மெதுவாகத்தான் இழுத்தார். பாதியில் மோட்டாரை நிறுத்திவிட்டு அவளும் போய்க் கை கொடுத்தாள். கடைசி மீன் பெட்டிக்குள் விழுந்தபோது கை இரண்டும் மரத்துப் போயிருந்தது. பின்னால் வந்து கயிற்றைப் பிடித்தாள். இழுத்தாள். ஒன்றுமில்லை. மறுபடி இழுத்தாள். இரண்டு தடவை இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. ஆறு, ஏழு என்று இழுத்தாயிற்று. மூச்சு வாங்கியது.

அப்போதுதான் இன்னொரு படகு நேராக அவர்களை நோக்கி வந்தது. முன்னால் நின்றவன் கொழுந்தன்.

"அண்ணி, விடுங்க, நான் வர்றேன்!"

"உன்னை யாரு தம்பி கூப்பிட்டா?"

"அண்ணன்தான் எதுக்கும் பின்னாடியே வான்னாரு."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பதினோரு நாள் தோலுரிந்த கையைப் பார்த்தவர், ராத்திரி அதற்கு எண்ணெய் தடவிவிட்டவர், கடைசியில் இவரும் நம்பவில்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கயிற்றை விட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

இரண்டு படகுகளும் உரசிக்கொண்டன. கொழுந்தன் ஒரு காலைத் தூக்கி அவர்கள் படகின் விளிம்பில் வைத்தான். கணவர் எழுந்து, தடுமாறி, நடுப்பலகையைத் தாண்டிப் பின்னால் வந்தார். தம்பிக்கு முன்னால் நின்றார்.

"காலை எடுடா."

"அண்ணே, நீங்கதானே..."

"நான்தான் சொன்னேன். தப்பு பண்ணிட்டேன். அவ இன்னும் இழுத்து முடிக்கல. காலை எடு."

கொழுந்தன் அப்படியே நின்றான். ஒரு கால் அங்கே, ஒரு கால் இங்கே.

சாண் கண்ணைத் துடைத்துக்கொண்டு மோட்டாரின் பக்கம் குனிந்தாள். பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது. சோக் பிதுங்கி வெளியே நின்றது. குளிர்ந்து கிடக்கும்போது பெட்ரோலைக் கூட்டிவிடத்தான் சோக், சூடான மோட்டாருக்கு எதற்கு? காலையில் செய்ததையே பதற்றத்தில் திரும்பவும் செய்திருக்கிறாள், பெட்ரோலில் மூழ்கி மூச்சு முட்டுகிறது அதற்கு. சோக்கை உள்ளே தள்ளினாள். வேகப் பிடியை நன்றாகத் திறந்துவிட்டாள். அவசரப்படாமல் முப்பது வரை எண்ணினாள். காலை ஊன்றி, மெதுவாக இழுத்து, தடுக்கிற இடத்தில் நின்று, உடம்பை எறிந்தாள்.

மோட்டார் நீலப் புகையைக் கக்கிக்கொண்டு பிடித்தது. கொழுந்தன் விளிம்பிலிருந்து காலை எடுத்துக்கொண்டான்.

கணவர் இன்னும் அவள் பக்கத்திலேயே நின்றார். அவர் நின்ற கனத்தில் படகின் மூக்கு மேலே தூக்கியிருந்தது.

"முன்னாடி போய் உக்காருங்க" என்றாள் அவள். "நான் திருப்பணும்."

அவர் போய் முன்னால் உட்கார்ந்தார்.