சிவப்பு நூல் கட்டித் திருப்பிய பொம்மைப் புஸ்தகம்

எங்கள் வீட்டுக்கு வந்த பத்திரிகை மட்டும் இரண்டே நாளில் அப்பளம் மாதிரி மொடமொடவென்று ஆகிவிடும். தறியில் ஏற்றுகிற பாவு நூலுக்குக் கஞ்சி போட்ட கையோடு ஆளாளுக்கு வாங்கிப் பார்ப்பார்கள். தாளின் ஓரமெல்லாம் கஞ்சி காய்ந்து புரட்டும்போது சரசரக்கும், அச்சு மையின் மண்ணெண்ணெய் வாடையோடு புளித்த கஞ்சி வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறும். இன்றைக்கும் புதுப் புத்தகத்தை முகர்ந்து பார்த்தால் ஏதோ ஒன்று குறைகிற மாதிரியே இருக்கிறது எனக்கு.

சுதந்திரம் வந்த மறு வருஷம் அது. அருப்புக்கோட்டையில் எங்கள் தெரு முழுக்கத் தறிச் சத்தம்தான். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். அப்பாவை "நைனா" என்போம். நைனாவுக்குச் சொந்தமாகச் சில தறிகள் இருந்தன. பின்கட்டில் ஒரு நீளக் கொட்டகை. அதில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ராட்டை சுற்றி, கடையிலிருந்து வளையமாக வருகிற நூல் கழியைப் பிரித்து, தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழல்களில் ஏற்றித் தருவார்கள். "தார் சுற்றுவது" என்று அதற்குப் பேர். தார் இல்லையென்றால் தறி நிற்கும். தறி நின்றால் நைனாவின் வாய் நிற்காது.

அந்தக் கொட்டகையை ஆண்டவள் என் அத்தை ருக்மணி, நைனாவுக்கு அக்கா. சின்ன வயதில் புருஷனை இழந்து எங்களோடு வந்து சேர்ந்தவள். ஓர் எழுத்துத் தெரியாது. ஆனால் உலகத்தில் எதைப் பற்றியும் அவளிடம் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும். நான் ஐந்தாம் வகுப்பு முடித்ததும், படித்தது போதும், ராட்டையில் உட்காரட்டும் என்று நைனா சொல்லிவிட்டார். எங்கள் தெருவில் பெண் பிள்ளைகளுக்கு அதுதான் நடைமுறை, அதில் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. பாளையம்பட்டித் தச்சரிடம் சொல்லி என் உயரத்துக்கு ஒரு குட்டி ராட்டைகூடச் செய்து வாங்கி வந்துவிட்டார். அது உட்கார்ந்திருந்த மூலைப் பக்கமே நான் போக மாட்டேன்.

அத்தைதான் குறுக்கே விழுந்து தடுத்தாள். அவள் சொன்ன நியாயம் என் படிப்பைப் பற்றியது இல்லை, தாரைப் பற்றியது. அந்தக் காலத்தில் சிறுவர் பத்திரிகைகள் ஈசல் மாதிரிப் புறப்பட்டு வந்தன. அதில் ஒன்று, மாதம் இருமுறை, விருதுநகர் பஸ்ஸில் கட்டாக வந்து கடைவீதியில் இறங்கும். கட்டம் கட்டமாகப் படம் போட்டுக் கதை சொல்வதால் எங்கள் கொட்டகையில் அதற்குப் "பொம்மைப் புஸ்தகம்" என்றே பேர். உண்மைப் பெயரைச் சொல்ல மாட்டேன். கடைசியில் அதை நடத்தியவர்கள் நல்லவர்களாகத்தான் நடந்துகொண்டார்கள் என்றாலும், நடுவில் நான் அவர்களைத் திட்டியது கொஞ்சநஞ்சமில்லை. அந்தப் புஸ்தகத்தை நான் உரக்க வாசிப்பேன், ராட்டைகள் சுற்றும். ஒவ்வொரு கட்டமும் வாசித்து முடிந்ததும் புத்தகம் கைமாறிக் கைமாறி வரிசையைச் சுற்றி வந்தால்தான் அடுத்த கட்டம். இந்தக் கதைக்காகவே மற்றக் கொட்டகைகளுக்குப் போக வேண்டிய பெண்களும் எங்களிடம் வந்தார்கள். தாருக்கு ஒருநாளும் தட்டுப்பாடு வரவில்லை. பள்ளிக்கூடத்தை நிறுத்தினால் இவள் நாக்கு துருப்பிடித்துப் போகும், பிறகு உன் தாரை நீயே சுற்றிக்கொள் என்று அத்தை தம்பியிடம் சொல்லிவிட்டாள். நைனா யோசித்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னார்.

"கதை ஓடுற வரைக்கும் போகட்டும். கதை நின்னா இவளும் நிக்கணும்."

அப்படித்தான் நான் ஆறாம் வகுப்புக்குப் போனேன். கதை என்னவென்று கேட்பீர்கள். கொண்டைப் பூதம் என்று ஒரு பூதம். தலையில் பெரிய கொண்டை, பானை வயிறு, பார்த்தால் பயமே வராது. ஊர் ஊராய்ப் போய்க் கிணறு வெட்ட வேண்டும் என்று அதற்கு ஒரு சாபம். எங்கே வெட்டினாலும் தண்ணீர் வராது, ஊர்க்காரர்கள் துரத்துவார்கள், அடுத்த ஊருக்கு ஓடும். நல்ல ஆற்றுத் தண்ணீர் குடிக்கிற சீமைக்காரர்களுக்கு அது வெறும் சிரிப்புக் கதையாக இருந்திருக்கலாம். எங்கள் கொட்டகையில் பாதிப் பேர் கானல் பறக்கிற, தண்ணீரில்லாத கரட்டுக் காட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். படத்தில் இருப்பது மல்லாங்கிணற்றுப் பக்கத்துக் கிணறேதான், படம் போடுகிறவர் வந்து பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறார் என்று ராட்டை வரிசையில் உட்காருகிற சின்னத்தாய் அடித்துச் சொல்வாள். திருச்சுழிக்காரி ஒருத்தி, அது எங்கள் ஊர்க் கிணறு என்பாள். இந்தச் சண்டையிலேயே ஒரு வேளைத் தார் சுற்றி முடிந்துவிடும்.

இப்படி இருக்கையில் ஓர் இதழில், பூதம் ஓர் ஆழக் கிணற்றுக்குள் விழுந்து, கொண்டை மட்டும் தெரிய அண்ணாந்து பார்க்கிற இடத்தில், "தொடரும்" என்று போட்டிருந்தார்கள். அதற்கு எதிர்ப்பக்கத்தில் ஆசிரியர் விடைபெறுகிறார் என்றும், அடுத்த இதழிலிருந்து புது ஆசிரியர் பொறுப்பேற்கிறார் என்றும் கறுப்புக் கட்டத்துக்குள் ஓர் அறிவிப்பு. நான் அதை வாசித்ததும் ராட்டை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நின்றது. யாரும் பழைய ஆசிரியரைக் கண்டதில்லை, பேர்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாது, ஆனாலும் சொந்தத்தில் ஒருவர் ஊரைவிட்டுப் போன மாதிரி ஆகிவிட்டது. துணி வாங்க வருகிற வீரசோழன் ஊர்க்கார ராவுத்தர் நாலு ஊர் போய்வருகிறவர். அவர், புதுசாக வருகிறவர் பத்திரிகை முதலாளிக்கு மருமகன், பெரிய படிப்பாம் என்று கேள்விப்பட்டதைச் சொன்னார். மருமகனா, முடிஞ்சது போ என்றாள் அத்தை.

அவள் சொன்னபடியேதான் புது இதழ் வந்தது. அட்டையில் ஒரு பையன் கைகட்டி நின்றான். உள்ளே பல் துலக்கும் முறை, நேரந்தவறாமை, பெரியோரிடம் பணிவு, ஒரு விடுகதைப் பக்கம், புது ஆசிரியரின் வணக்கம். பூதம் இல்லை. பூதத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தேடித் தேடிப் புரட்டினேன், அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அது பாட்டுக்குக் கிணத்துக்குள்ளேயே கிடக்கா என்று சின்னத்தாய் கேட்டபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. கதையை நானே இட்டுக்கட்டி வாசித்துவிடலாம்தான். ஆனால் புத்தகம் வரிசையைச் சுற்றி வருமே, படம் எங்கே என்று கேட்பார்களே. நைனா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மூலையிலிருந்த குட்டி ராட்டையை எடுத்து ஒருமுறை சுற்றிப் பார்த்து வைத்துவிட்டுப் போனார்.

இனி அத்தை செய்ததைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் பக்கத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கடையிலிருந்து வருகிற நூல் கழியில் முடிச்சோ அறுவலோ இருந்தால், அந்த இடத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டித் திருப்பி அனுப்புவோம். எத்தனை இடத்தில் சிவப்போ அத்தனை குறை; கடைக்காரர் வாய்பேசாமல் வேறு கழி தருவார். ஆனால் சர்க்கார் நூலுக்குக் கன்ட்ரோல் போட்டுப் பங்கிட்டுத் தர ஆரம்பித்ததிலிருந்து இந்தப் பேச்செல்லாம் போய்விட்டது. அளந்து கொடுக்கிற நூல் இற்றுப்போனதாக இருந்தாலும் கும்பிட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ரெண்டு சலவைக்குத் தாங்காத நூல் என்று நைனா தினமும் திட்டுவார், திட்டிக்கொண்டே வாங்குவார். திருப்பிக் கொடுக்க முடியாத அத்தனை கழிகளின் கோபமும் அன்றைக்குப் பொம்மைப் புஸ்தகத்தின் தலையில் விடிந்தது.

என்னை முதல் பக்கத்திலிருந்து மறுபடி வாசிக்கச் சொன்னாள். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் வரிசையைப் பார்த்து, என்ன சொல்றீங்க என்பாள். உதட்டைப் பிதுக்கினால் ஊசியில், சிவப்புச் சாயம் ஏற்றிய அதே கன்ட்ரோல் நூலைக் கோத்து ஓரத்தில் ஒரு குத்து, ஒரு முடிச்சு. பல் துலக்குவதற்கு ஒன்று, பணிவுக்கு ஒன்று, விடுகதைக்கு ஒன்று, அட்டைப் பையனுக்கு ஒன்று. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நேரந்தவறாமைக்கு நானே குத்தினேன். புது ஆசிரியரின் வணக்கப் பக்கம் வந்தபோது மட்டும் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். வந்த மனுசன் வணக்கம் சொல்லியிருக்காக, அதுல போய் ஊசி குத்தக் கூடாது என்றாள்.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு கடைவீதிக்குப் போனாள். பத்திரிகை விற்றவர் பலசரக்குக் கடை அண்ணாச்சி. சிவப்புக் குஞ்சம் குஞ்சமாகத் தொங்கிய புத்தகத்தைப் பார்த்து அவர் முதலில் சிரித்தார், அத்தையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வித்த சரக்கைத் திரும்ப வாங்குகிற பழக்கம் தனக்கு இல்லை என்றார்.

"உங்களுக்கு இல்லன்னா போகுது அண்ணாச்சி. செஞ்சவுகளுக்கு இருக்கான்னு கேட்டுச் சொல்லுங்க" என்று அத்தை அதைத் தராசுப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

அண்ணாச்சி, பாவம், விற்காத பிரதிகளைத் திருப்பி அனுப்புகிற கட்டுக்குள் அதையும் சேர்த்து, எந்த ஊர், எந்தத் தெரு என்று ஒரு சீட்டும் வைத்து அனுப்பியிருக்கிறார். எங்களுக்கு அப்போது அது தெரியாது. அடுத்த இதழும் வந்தது. அதிலும் பூதம் இல்லை. தார் சுற்றுகிறவர்களில் நாலைந்து பேர் மேலத்தெருக் கொட்டகைக்குப் போய்விட்டார்கள், அங்கே முதலாளியம்மா மோர் தருகிறாளாம். ஒரு தறி அரை நாள் சும்மா கிடந்தது. தை பிறந்ததும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடலாம் என்று நைனா அம்மாவிடம் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் பூகோளப் படத்தைப் பார்த்துக்கொண்டே, இதெல்லாம் நமக்கு இனி எதற்கு என்று உட்கார்ந்திருப்பேன். அந்த மருமகன் மட்டும் எதிரே வந்திருந்தால் கடித்தே வைத்திருப்பேன்.

மார்கழி கழிவதற்குள் ஒரு நாள் அண்ணாச்சி தானே தேடிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். கையில் புது இதழ். கூடவே எங்கள் பழைய சிவப்புக் குஞ்சப் புத்தகம். அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாக்கும் என்று அத்தையின் முகம் சுருங்கியது. வாங்கிப் புரட்டினேன். எல்லா முடிச்சும் கட்டினபடியே இருந்தன, ஒன்றைத் தவிர. விடுகதைப் பக்கத்து நூலை மட்டும் அவிழ்த்துவிட்டு, "இது நல்ல பக்கம், இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள்" என்று பென்சிலால் எழுதியிருந்தது. அவிழ்த்த நூல் எங்கே என்று பார்த்தால், புது ஆசிரியர் தன்னுடைய வணக்கப் பக்கத்திலேயே அதைக் குத்திக் கட்டியிருந்தார். முடிச்சு போடத் தெரியாத கை, கோணல்மாணலாக ஒரு சுருக்கு. பக்கத்தில், "இதை விட்டுவிட்டீர்களே" என்று எழுதியிருந்தார்.

நான் வாசித்ததும் கொட்டகை அதிர்ந்தது. சிரித்துச் சிரித்து அத்தைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சத்தம் கேட்டு வந்த நைனா புத்தகத்தை வாங்கி, அந்தக் கோணல் முடிச்சை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். வாழ்க்கை முழுக்க வியாபாரிகளோடு மல்லுக்கட்டிய மனிதர் அவர்.

"கெட்ட சரக்கைத் திருப்பி வாங்குனதுமில்லாம, நாம காட்டாத குறையையும் காட்டுறான். இந்தக் கன்ட்ரோல்ல இப்படி ஒரு யாவாரிய நான் பாக்கல" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ பள்ளிக்கூடம் போ தாயி" என்றார்.

கதை ஓடுகிறதா இல்லையா என்று அவர் கேட்கவே இல்லை. அதற்கப்புறம்தான் புது இதழைப் பிரித்தோம். கொண்டைப் பூதம் கயிறு பிடித்துக் கிணற்றை விட்டு ஏறி வந்துகொண்டிருந்தது. அப்பாடா என்று அத்தனை பேரும் மூச்சு விட்டது எனக்கு இன்னும் கேட்கிறது. அந்தக் கயிறு நம் சிவப்பு நூல்தான் என்றாள் அத்தை. அச்சில் அது கறுப்பாகத்தான் இருந்தது. யார் போய் அவளிடம் சொல்வது? விடுகதைகளையும் மறுபடி கேட்டுவிட்டு, பரவாயில்லை, நல்லாத்தான் இருக்கு என்று ஒப்புக்கொண்டார்கள். மேலத்தெருவுக்கு மோர் குடிக்கப் போனவர்களும் திரும்பி வந்தார்கள். குட்டி ராட்டையை நைனா பரணில் ஏற்றிவிட்டார்.

நான் பள்ளிக்கூடம் முடித்து, பயிற்சி முடித்து, வாத்தியாரம்மாவாகி, ஓய்வும் பெற்று எத்தனையோ காலமாகிவிட்டது. போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் படிக்கிற படக்கதைக் கம்பெனிக்குப் புதுத் தலைவர் வந்திருக்கிறாராம், எல்லாம் நாசமாகப் போகிறதாம், கைபேசியில் உலகம் முழுக்க அவரைத் திட்டுகிறார்களாம், அவர் பதிலே சொல்லவில்லையாம். கொஞ்சம் பொறுத்துப் பார் என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் என் பழைய தகர டப்பாவை எடுத்து வந்தேன். அந்தப் பத்திரிகை எப்போதோ நின்றுபோனது. கொட்டகை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. டப்பாவுக்குள் வைத்திருந்த வணக்கப் பக்கம்கூடத் தொட்டால் தூளாகிறது. அந்தப் பெண் தூளைத் தள்ளிவிட்டு, இதென்ன பாட்டி என்று விரலில் எடுத்துக் காட்டினாள். கோணல் முடிச்சு அவிழாமல், சாயம் கொஞ்சம் மட்டும் வெளுத்து இருந்தது, ரெண்டு சலவைக்குத் தாங்காது என்று நைனா திட்டித் தீர்த்த அந்தக் கன்ட்ரோல் நூல்.