ஐந்து இதயங்களும் ஒரு ரவிக்கையும்

அந்தப் பூட்டை யோசித்துச் செய்தது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கோவையில் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். இணையத்தில் தையலும் கணினியும் சொல்லித்தரும் நிறுவனம். சேர்பவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள், பாடத்தை விளையாட்டுப் போல மாற்றுங்கள் என்றார்கள். மாணவருக்கு ஐந்து இதயங்கள் கொடுத்தேன். தப்பான பதில் சொன்னால் ஒன்று போகும். வீடியோவைப் பின்னால் ஓட்டினாலும் ஒன்று போகும். ஐந்தும் தீர்ந்தால் மறுநாள் வரை பாடம் பூட்டிக்கொள்ளும். அப்போதுதான் கவனமாகப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அலுவலகத்தில் கைதட்டினார்கள்.

உதவி எண்ணைக் கவனிக்கும் பெண் ஒருநாள் வரவில்லை. போனை நான் எடுத்தேன். ரவிக்கை வெட்டப் படிக்கும் ஒரு பெண்மணி சோமனூரிலிருந்து பேசினார்.

"ஏனுங்க, நான் என்ன தப்புப் பண்ணிப்போட்டேனுங்க? தெனமும் கொஞ்ச நேரத்துல பாடம் பூட்டிக்குது."

அவர் கணக்கைத் திறந்தேன். கை பொருத்தும் வளைவை வரையும் இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருந்தார்.

"அந்த எடத்துல என்னங்க பண்ணுனீங்க?"

"துணிய விரிச்சுக் கூடவே கோடு போட்டேனுங்க. அவங்க வெரசாப் போறாங்க. திருப்பிப் போட்டுப் பாக்கக் கூடாதுங்களா?"

மாணவர்களின் மதிப்பெண் பட்டியலில் முதலிடத்தில் இருந்தவரைப் பார்த்தேன். தைத்த ரவிக்கையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னதற்கு வெறும் சுவரை எடுத்து அனுப்பியிருந்தார். அதற்கும் தங்கப் பதக்கம் கொடுத்திருந்தோம். துணியும் கத்திரிக்கோலுமாக உட்கார்ந்தவர் கடைசியில் கிடந்தார்.

மேலாளரிடம் போய் அதைச் சொன்னேன்.

"கோவிச்சுக்காதீங்க," என்றார். "பூட்டுனாத்தான் நாளைக்கு மறுபடி வருவாங்க. நமக்கு அதுதானுங்க வேணும்."

"கத்துக்கிட்டாங்களான்னு பாக்க வேண்டாமுங்களா?"

"அதையும் பாக்கலாமுங்க."

அந்த மரியாதைதான் என்னை இன்னும் எரிச்சலாக்கியது. யாரையும் கேட்காமல் பாடத்தைப் பூட்டும் அந்த விதியை நீக்கினேன். இரண்டே நாளில் அதைத் திரும்பச் சேர்த்துவிட்டு, நான் பாடங்களில் கை வைக்க முடியாதபடி செய்துவிட்டார்கள்.

சோமனூருக்குப் போன் போட்டேன்.

"உங்க பாடத்தப் போன்லருந்து அழிச்சுப்போட்டேன் அம்மணி. கருமத்தம்பட்டில ஒரு அக்காகிட்டப் போறேன். பத்துத் தடவ கேட்டாலும் சொல்லித்தராங்க. உங்க பாடம் நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குத்தான் மண்டைல ஏறல."

"தப்பு உங்க மேல இல்லைங்க. அப்படிப் பண்ணி வெச்சது நான்."

"அட, பரவால்ல உடுங்க," என்று எனக்கே சமாதானம் சொன்னார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தனக்கு மூளை போதாது என்று ஒருவரை நம்பவைத்திருக்கிறோம். அதற்கு மோட்டிவேஷன் என்று பெயர் வேறு.

அடுத்த வாரம் வேலையை விட்டேன். மேலாளர் வாசல்வரை வந்து, "நல்லபடியாப் போய்ட்டு வாங்க," என்றார்.